வெனீர் போடப் போறீங்களா? பல்லை எவ்வளவு ராவுவாங்கன்னு முதல்ல கேளுங்க

கல்யாணம் நிச்சயமான கையோட பல்லு டாக்டரைத் தேடி வர்றவங்க இப்ப ரொம்ப அதிகம். போன்ல ஒரு ரீல்ஸை எடுத்துக் காட்டி, டாக்டர் எனக்கு இதே மாதிரி வேணும், எட்டு பல்லு போட்டா போதுமா இல்ல பத்து போடணுமா, முகூர்த்தத்துக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்குன்னு கேப்பாங்க. எத்தனை பல்லு, எவ்வளவு ரூபா, எவ்வளவு வெள்ளை, இந்த மூணும்தான் கேள்வி. என் பல்லுல எவ்வளவு ராவுவீங்கன்னு கேக்குறவங்க அபூர்வம். நியாயமா பார்த்தா முதல்ல கேக்க வேண்டியதே அதுதான்.

வெனீர்ன்றது பல்லோட முன்பக்கத்துல மட்டும் ஒட்டுற மெல்லிசான பீங்கான் தகடு, நம்ம விரல் நகம் மாதிரின்னு வச்சுக்குங்க. கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர், இடத்தைப் பொறுத்து 0.3-ல இருந்து 0.7 மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும். அந்தத் தகடு உக்கார இடம் வேணும்ல, அதுக்காகத்தான் பல்லோட மேல்பரப்பை லேசா ராவுறோம். நம்ம முன்பல்லுல எனாமல், அதாவது பல்லோட கெட்டியான வெளி ஓடு, கடிக்கிற நுனிப் பக்கம் சுமார் 1 மில்லிமீட்டர் இருக்கும், ஈறு பக்கம் போகப்போக குறைஞ்சு 0.3, 0.4-க்கு வந்துரும். ஈறு ஓரத்துல கை கொஞ்சம் அழுத்தினாலே எனாமல் போயி உள்ள இருக்கிற மஞ்ச டென்டின் தெரிஞ்சுரும். எனாமலைக் கட்டுற செல்லுங்க பல்லு வெளிய முளைக்கும்போதே இல்லாம போயிடுது, அதனால ராவின எனாமல் திரும்ப வளரவே வளராது, எந்த பேஸ்ட்டு போட்டாலும் சரி.

போனா என்ன, அதான் மேல பீங்கான் வருதேன்னு சிலர் கேப்பாங்க. வெனீர் நிக்கிறதே எனாமல் கொடுக்கிற பிடிமானத்துலதான். 1955-ல புவோனோகோர்ன்னு ஒரு அமெரிக்க பல் டாக்டர் பாஸ்பாரிக் ஆசிட் வச்சா எனாமல்ல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன குழி விழும், அதுல பிசின் இறங்கி கெட்டியா பிடிச்சுக்கும்னு கண்டுபிடிச்சாரு. அதுக்கு முன்னாடி ஹாலிவுட்ல பின்கஸ்ங்கிற டாக்டர் சினிமா நடிகர்களுக்கு முன்பல்லு மேல மெல்லிய தகடு ஒட்டி விட்டாரு, ஆனா அது ஷூட்டிங் முடிஞ்சா கழட்டிடுற சமாச்சாரம், சாப்பாடு சாப்பிடவெல்லாம் நிக்காது. 1980-கள் ஆரம்பத்துல பீங்கானோட உள்பக்கத்தையும் ஹைட்ரோபுளோரிக் ஆசிட்டால அரிச்சு ஒட்டலாம்னு தெரிஞ்ச பிறகுதான் வருஷக்கணக்கா நிக்கிற இன்னைய வெனீர் வந்துச்சு. ஒரு பக்கம் அரிச்ச எனாமல், இன்னொரு பக்கம் அரிச்ச பீங்கான், நடுவுல பிசின், அவ்வளவுதான் விஷயம். எனாமல் போயி டென்டின்ல ஒட்ட வேண்டி வந்துச்சுன்னா, டென்டின்ல ஈரம் இருக்கு, நுண்ணிய குழாய் இருக்கு, எனாமலை விட வளைஞ்சு கொடுக்கிற பொருள், அதனால பிடிமானமும் குறையும், மேல இருக்கிற பீங்கான் விரிசல் விடுற வாய்ப்பும் ஜாஸ்தி, பல்லு கூச்சம் வேற வரும்.

இப்ப எனக்கு நிஜமாவே கவலையா இருக்கிற விஷயத்துக்கு வரேன். வெனீர்ன்னு பேசி முடிச்சுட்டு கடைசில கேப், அதாவது பல்லு முழுசையும் மூடுற உறை, போட்டு விடுறது. கேப்புக்கு பல்லைச் சுத்தி நாலு பக்கமும், நுனியும் சேர்த்து ராவி ஒரு குட்டி முளையா ஆக்கணும். 2002-ல வந்த ஒரு ஆய்வுல அளந்து பார்த்தப்ப வெனீருக்கு ஈறுக்கு வெளிய இருக்கிற பல்லுல 3-ல இருந்து 30 சதவீதம்தான் போச்சு, முழு கேப்புக்கு 63-ல இருந்து 72 சதவீதம் போச்சு. சொத்தை இல்லாத, உடையாத, இருபத்தஞ்சு வயசு பல்லை முக்கால்வாசி ராவினா உள்ள நரம்புக்கு பக்கத்துல போயிடுறோம், கொஞ்ச வருஷத்துல ரூட் கெனால்ல வந்து நிக்கலாம். வெளிநாட்டுல இதை வச்சே துருக்கிப் பல்லுன்னு ஒரு பேரே வந்துருச்சு, மலிவா பண்ணலாம்னு இங்கிலாந்துல இருந்து துருக்கிக்கு போயி வாய் முழுக்க கேப்போட திரும்பி வந்தவங்களைப் பத்தித்தான் அந்தப் பேச்சு. ஊரு பேரு எதுவா இருந்தாலும் சரி, ஒரு வாரத்துல சிரிப்பை மாத்தித் தரேன், வாய் முழுக்க இருபது பல்லு பேக்கேஜ்னு யாராவது சொன்னா, ராவின பிறகு என் பல்லு எப்படி இருக்கும்னு ஒரு போட்டோ காட்டுங்கன்னு கேளுங்க.

எங்க பக்கத்துல சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊருகள்ல இருந்து வர்ற பிள்ளைங்களைப் பத்தி தனியா சொல்லணும். நிலத்தடித் தண்ணில புளோரைடு அதிகம் இருக்கிற ஊருங்க இது. குடிதண்ணில லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு கணக்கு, அதைத் தாண்டின போர் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த பிள்ளைங்களுக்கு பல்லுல சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளைத் திட்டு, இன்னும் அதிகமா இருந்தா காப்பிக்கொட்டை நிறத்துல கறை. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013-ல வந்த பிறகு நிலைமை மாற ஆரம்பிச்சுது, ஆனா அதுக்கு முன்னாடி வளர்ந்தவங்களுக்கு இப்பதான் கல்யாண வயசு. பொண்ணு பார்க்க வர்றவங்க முன்னாடி வாயைப் பொத்திட்டுப் பேசுற பிள்ளைகளைப் பார்த்தா மனசு கஷ்டமா இருக்கும், அவங்க ஒழுங்கா பல்லு தேய்க்காததால வந்த கறையே இல்ல அது, பல்லு தாடை எலும்புக்குள்ள உருவாகுற வயசுல, அதாவது எட்டு வயசுக்குள்ள, குடிச்ச தண்ணியோட வேலை.

இவங்கள்ல நிறைய பேருக்கு வெனீரே வேண்டாம், இதை அழுத்திச் சொல்றேன். லேசான கறைன்னா மேல இருக்கிற எனாமலை மிக மெல்லிசா ஆசிட் கலந்த பேஸ்ட்டால தேய்ச்சு எடுக்கிற மைக்ரோ அப்ரேஷன் இருக்கு, அதோட பிளீச்சிங் சேர்த்தா திட்டும் பல்லும் ஓரளவு ஒரே நிறத்துக்கு வந்துரும். வெள்ளைத் திட்டுக்குள்ள பிசினை இறக்கி மறைக்கிற முறையும் இருக்கு. அதுலயும் சரியாகலன்னா பல்லு நிறத்துல காம்போசிட்ங்கிற பிசின் கலவையை ஒட்டிப் பார்க்கலாம், பீங்கான் அளவுக்கு பளபளப்பு நிக்காது, சில வருஷத்துல பாலிஷ் போடணும், மாத்தணும், ஆனா ராவ வேண்டியது கம்மி. கறை ஆழமா இருக்கு, மேல்பரப்பே குழி குழியா பேர்ந்து போயிருக்குன்னா அப்ப வெனீர் நல்ல வைத்தியம், நானே போடச் சொல்லுவேன். பல்லு கோணலா இருக்குன்னு வர்றவங்களுக்கு கிளிப்புதான் சரி, ராவி நேராக்கிக் காட்டுறது அவசரத்துக்கு பல்லைக் கொடுக்கிற வேலை. வீட்டுல சின்னக் குழந்தைங்க இருந்தா இன்னொண்ணு, தண்ணியைக் காய்ச்சினா புளோரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. தண்ணி கொடுங்க, இல்ல கூட்டுக்குடிநீர் கொடுங்க.

சரி, வெனீர்தான்னு முடிவாயிருச்சு, ஒழுங்கா பண்ற டாக்டர் எப்படிப் பண்ணுவாங்க? முதல் நாளே மிஷினை எடுக்க மாட்டாங்க. அளவு எடுத்து, மெழுகுல பல்லு செஞ்சு, அதோட அச்சுல தற்காலிக பிளாஸ்டிக்கை ஊத்தி உங்க பல்லு மேலயே வச்சு எடுப்பாங்க, மாக்-அப்ன்னு பேரு. ராவாத பல்லு மேலயே புதுப் பல்லு எப்படி இருக்கும்னு கண்ணாடில பார்த்துடலாம். நான் அப்ப கூட வந்தவங்களையும் உள்ள கூப்பிடுவேன். ஒரு அம்மா மகளைப் பார்த்ததும், ரொம்ப வெள்ளையா இருக்கு கண்ணு, உன் மொகத்துக்கு ஒட்டலன்னு சொன்னாங்க, ஜன்னல் வெளிச்சத்துல ஷேடு பட்டையை, அதாவது பல்லு நிற மாதிரிகளை, வச்சுப் பார்த்தா அவங்க சொன்னதுதான் சரி, ரெண்டு படி இறக்கினோம். கிளினிக் விளக்குல பளிச்சுன்னு இருக்கிறது மண்டப வெயில்ல சுண்ணாம்பு மாதிரி தெரியும். அந்த மாக்-அப் மேலயே அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு கோடு போடுற பர், அதாவது மிஷின் முனை, வச்சு கோடு இழுத்து, கோடு எங்க பல்லைத் தொடுதோ அங்க மட்டும் ராவுறதுதான் நல்ல முறை. சில இடத்துல ராவவே வேண்டியிருக்காது.

பிளீச்சிங் பண்ணணும்னா வெனீருக்கு முன்னாடியே பண்ணிடணும், பீங்கான் அப்புறம் வெளுக்காது, பண்ணி ரெண்டு வாரமாவது விட்டுத்தான் ஒட்டணும், இல்லன்னா பல்லுக்குள்ள மிச்சம் இருக்கிற ஆக்சிஜன் பிசினை சரியா இறுக விடாது. ரெண்டு வாரத்துல முகூர்த்தம்னு வர்றவங்களுக்கு நான் பெரும்பாலும் கிளீனிங், பிளீச்சிங்கோட அனுப்பி வச்சுடுவேன், மீதி கல்யாணத்துக்கு அப்புறம் நிதானமா பார்த்துக்கலாம். பதினெட்டு வயசுக்குக் கீழ இருந்தா பொறுங்க. ராத்திரி பல்லைக் கடிக்கிற பழக்கம், ஈறுல ரத்தம், சொத்தை, இதெல்லாம் முதல்ல சரி பண்ணணும்.

நல்லா பண்ணின வெனீர் பத்து பதினஞ்சு வருஷம் நிக்கும், அதுக்கப்புறம் மாத்தணும், இருபத்தஞ்சு வயசுல போட்டா வாழ்க்கைல மூணு நாலு தடவை அந்த செலவு வரும்னு கணக்குப் போட்டுக்குங்க. பியூட்டி பார்லர்ல ஒட்டி விடுறேன்னு சொன்னா போகாதீங்க, சட்டப்படி பதிவு பண்ணின பல் டாக்டர்தான் இதைத் தொடணும். கழண்டு விழுந்தா தகட்டை ஒரு டப்பால போட்டு எடுத்துட்டு வாங்க, உடையாம இருந்தா திரும்ப ஒட்டிடலாம், வீட்டுல இருக்கிற பசையை மட்டும் தடவிடாதீங்க. அப்புறம் வேலை முடிஞ்ச அன்னைக்கே எந்தெந்த பல்லு, என்ன பீங்கான், எந்த ஷேடு, எந்த வருஷம்னு ஒரு சீட்டுல எழுதி வாங்கி, ராவுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவோட சேர்த்து போன்ல வச்சுக்குங்க, பன்னெண்டு வருஷம் கழிச்சு வேற ஊருல வேற டாக்டர் ஒத்தைப் பல்லை மாத்தும்போது பக்கத்துப் பல்லோட நிறம் சேர அவருக்கு அதுதான் தேவைப்படும்.