பாட்டை வேகமாக ஓடவிட்டால்தான் பாடகி மெதுவாக நடப்பார்

பாப் பாடகர்களின் மியூசிக் வீடியோக்களில் அடிக்கடி வரும் ஷாட் ஒன்று உண்டு. பாடகி மெல்ல நடந்து வருகிறார், கூந்தல் இழை இழையாக மிதக்கிறது, பின்னால் யாரோ வீசிய வண்ணப்பொடி கீழே இறங்க மனமில்லாமல் காற்றிலேயே நிற்கிறது. எல்லாம் ஸ்லோ மோஷன். ஆனால் உதடு மட்டும் பாட்டோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. மற்றதெல்லாம் மெதுவாக ஓடும்போது வாய் மட்டும் எப்படிச் சாதாரண வேகத்தில் அசைகிறது? கிராஃபிக்ஸ் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது இல்லை. ஃபிலிம் சுருள் காலத்திலேயே இருந்த வித்தை இது, அதற்குத் தேவையான கணக்கும் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

சினிமா பொதுவாக நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்களாக ஓடும். கேமராவை 48 ஃப்ரேமில் ஓட்டிப் படம் பிடித்து, அதை 24-இல் காட்டினால் ஒரு நொடியில் நடந்தது திரையில் இரண்டு நொடிக்கு நீளும். அப்படியே விட்டால் வாயும் பாதி வேகத்தில்தான் அசையும். அதைச் சரிக்கட்ட, ஷூட்டிங்கில் பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்க விடுகிறார்கள். பாடகி அந்த வேகத்துக்கே வாயசைக்கிறார், கேமரா அதைப் பாதியாக்குகிறது, வாய் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறது. கூந்தலும் பொடியும் பாட்டைக் கேட்டு நடப்பவை இல்லையே, அவை பாதி வேகத்திலேயே தங்கிவிடுகின்றன. செட்டில் நின்று பார்த்தால் கேலிக்கூத்தாக இருக்கும்: உருக்கமான காதல் பாட்டு தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, அதற்கு ஈடுகொடுத்து ஒருவர் கண்கலங்கிக்கொண்டே வாயை மென்றுகொண்டிருப்பார்.

மியூசிக் வீடியோ செய்பவர்களுக்குக் கையை வைக்கவே முடியாத பொருள் ஒன்றுதான், அது பாட்டு. படப்பிடிப்புக்கு முன்பே அது மிக்ஸ் ஆகி, மாஸ்டர் ஆகி, இத்தனை நிமிடம் இத்தனை நொடி என்று முடிந்துபோயிருக்கும். கேமராவின் வேகம், புவியீர்ப்பு, காலத்தின் திசை என்று மற்ற எதை வேண்டுமானாலும் வளைக்கலாம், ஆனால் வளைத்த பிறகு எல்லாம் அந்தப் பாட்டின் நீளத்துக்குள் வந்து உட்கார வேண்டும்.

புவியீர்ப்பு என்றது சும்மா சொன்னதில்லை. 4.9 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ ஒரு நொடி ஆகும். 48 ஃப்ரேமில் எடுத்த படத்தில் அது இரண்டு நொடி எடுத்துக்கொண்டு விழும். விழும் தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், நேரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு பாதியாகக் குறையாது, கால்வாசியாகக் குறைந்ததுபோல் தெரியும். 60 ஃப்ரேமில் எடுத்து 24-இல் காட்டினால் நேரம் 2.5 மடங்கு, ஈர்ப்பு 6.25-இல் ஒரு பங்கு, அதாவது பூமியின் 9.8 என்ற இடத்தில் சுமார் 1.57. நிலாவின் ஈர்ப்பு 1.62. ஆக, 60 ஃப்ரேமில் எடுத்த நடன ஷாட்டைப் பார்க்கும்போது கிட்டத்தட்ட நிலாவில் குதிக்கும் மனிதரைப் பார்க்கிறோம். ‘கனவுபோல இருக்கு’ என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்த எண்ணுடையது.

அப்படியானால் இன்னும் வேகமாக, 96 ஃப்ரேமில் எடுக்கலாமே? எடுக்கலாம், வாய்தான் ஒத்துழைக்காது. நாம் சாதாரணமாகப் பேசும்போது நொடிக்கு நாலைந்து அசைகள் வரும், அதைப்போல் இரண்டு மடங்கு போனாலே நாக்கு குழறும். நொடிக்கு இரண்டு அசை நகரும் மெதுவான பாட்டு என்றால் இரட்டை வேகத்தில் நாலு அசை, சுலபம். ராப் பகுதியை இரட்டிப்பாக்கினால் யாராலும் முடியாது. ஸ்லோ மோஷனில் வாயசைக்கும் காட்சிகள் சோகப் பாட்டிலும் காதல் பாட்டிலும் குவிந்து கிடப்பதற்கு உணர்ச்சி ஒரு காரணம் என்றால் தாடைத் தசை இன்னொரு காரணம்.

வெளிச்சமும் ஒரு தொல்லை. ஃப்ரேம் இரட்டிப்பானால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைக்கும் ஒளி பாதியாகிவிடும், அதனால் விளக்கைக் கூட்ட வேண்டும். அந்த விளக்கு மலிவானதாக இருந்தால் வேறு வம்பு: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். 50 ஃப்ரேமில் எடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு என்று கணக்கு நேராகிவிடும். 48-இல் எடுத்தால் மிச்சம் விழும், அந்த மிச்சம் திரையில் வெளிச்சம் லேசாக ஏறி இறங்குவதாகத் தெரியும். ஷட்டர் நேரத்தை, அதாவது ஒரு ஃப்ரேமுக்குக் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தைக் குறைத்தால் இன்னும் மோசம். 50-இல் எடுத்து 25-இல் காட்டுவது இந்தத் தலைவலிக்கு எளிய மருந்து.

அப்புறம் சுருதி. டேப்பை இரட்டை வேகத்தில் ஓட்டினால் அதிர்வெண்ணும் இரட்டிப்பாகும், பாட்டு முழுசாக ஒரு ஸ்தாயி மேலே போய்க் கீச்சுக் குரலாகிவிடும். 36 ஃப்ரேமுக்காக ஒன்றரை மடங்கு ஓட்டினால் ஷட்ஜம் பஞ்சமத்துக்கு ஏறிவிடும். வாயசைக்க மட்டும் என்றால் இதனால் நஷ்டமில்லை, ஆனால் பாடுபவருக்குத் தன் குரலே அன்னியமாகக் கேட்கும். இன்று சுருதியை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் மாற்றும் மென்பொருள் எல்லோரிடமும் இருக்கிறது, அதன் வேர் 1966-இல் பெல் ஆய்வகத்தில் ஃபிளானகனும் கோல்டனும் விவரித்த ஃபேஸ் வோகோடர். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் என்னென்ன அதிர்வெண்கள் இருக்கின்றன என்று பிரித்து, அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு துண்டுகளுக்கு இடையேயான நேரத்தை மட்டும் நெருக்குவதும் தளர்த்துவதும்தான் அதன் வேலை.

அதற்கு முன்பு செட்டில் ராஜாவாக இருந்தது நாக்ரா. போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டீஃபன் குடெல்ஸ்கி 1951-இல் உருவாக்கிய டேப் ரெக்கார்டர் அது. கோடம்பாக்கத்தில் பாட்டு எடுத்தவர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. அதன் சிறப்பு, கேமரா மோட்டாரோடு பிசகாமல் பொருந்தும் சீரான வேகம். பாட்டை ஒரே வேகத்தில், காலையிலும் மாலையிலும், இருபதாவது டேக்கிலும் ஓட்டத் தெரிந்த கருவி இல்லாவிட்டால் எடிட்டிங் மேஜையில் எந்தத் துண்டும் எதோடும் சேராது. இயக்குநரையும் கேமராமேனையும் எல்லோரும் பாராட்டுவார்கள், பிளேபேக் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பெயர் யாருக்கும் தெரியாது. என் கணக்கில் அந்த நாளின் முக்கியமான ஆள் அவர்தான்.

சரி, எவ்வளவு பிசகினால் நமக்குத் தெரியும்? சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் BT.1359 என்ற பரிந்துரை இதற்கு எண் தருகிறது: சத்தம் படத்துக்கு முந்தினால் சுமார் 45 மில்லிநொடியிலேயே கண்டுபிடித்துவிடுகிறோம், பிந்தினால் சுமார் 125 மில்லிநொடி வரை கவனிப்பதில்லை. இந்த ஓரவஞ்சனைக்குக் காரணம் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டாம், இயற்கையில் வெளிச்சம்தான் எப்போதும் முதலில் வந்து சேரும், மின்னலுக்குப் பின்தான் இடி, பிந்தி வரும் சத்தத்துக்கு மூளை பழகியிருக்கிறது. 24 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் என்பது 41.7 மில்லிநொடி. ஒரே ஒரு ஃப்ரேம் தவறிய பக்கம் நகர்ந்தாலே ஆபத்து எல்லைக்குப் பக்கத்தில் போய்விடுகிறோம்.

கண் காதைக் கெடுக்கவும் செய்யும். 1976-இல் உளவியல் ஆய்வாளர்கள் ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் காட்டியது இது: ‘பா’ என்ற ஒலியைப் போட்டு, ‘கா’ என்று சொல்லும் வாயைக் காட்டினால் பார்ப்பவர்களில் பலர் ‘டா’ என்று கேட்கிறார்கள். வாயசைவு தப்பினால் பார்வைக்கு மட்டும் உறுத்தல் இல்லை, பாட்டின் வரியே வேறுமாதிரி காதில் விழலாம். அதனால் ஒத்துப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது ப, ம வரும் இடங்களை, ஏனென்றால் அவற்றுக்கு உதடு மூடியே ஆக வேண்டும். டப்பிங் வசனம் எழுதுபவர்களும் இதே எழுத்துகளைத்தான் துரத்துவார்கள். க, ட எல்லாம் வாய்க்குள்ளேயே முடிந்துவிடும், கொஞ்சம் தப்பினாலும் யாரும் கவனிப்பதில்லை.

வெளிப்புறப் படப்பிடிப்பில் இன்னொரு திருடன் ஒளிந்திருக்கிறான்: ஒலியின் வேகம். நொடிக்கு சுமார் 340 மீட்டர். ஸ்பீக்கர் கேமரா பக்கத்தில், பாடகர் 40 மீட்டர் தள்ளி மலை உச்சியில் என்றால் பாட்டு அவரிடம் போய்ச்சேர 118 மில்லிநொடி ஆகும், அதாவது ஏறக்குறைய மூன்று ஃப்ரேம். அவர் சரியாகத்தான் பாடுவார், படத்தில் தாமதமாகத் தெரியும். ஒரே ஆள் என்றால் எடிட்டர் மூன்று ஃப்ரேம் தள்ளிவைத்துச் சமாளிப்பார். 60 மீட்டர் ஆழத்துக்கு வரிசை வரிசையாக நடனக்காரர்கள் நின்றால் எந்த வரிசைக்குத் தள்ளுவது? காதுக்குள் ரேடியோ ரிசீவர் வைப்பதும் ஸ்பீக்கர்களைக் கூட்டத்துக்குள்ளேயே ஆங்காங்கே மறைத்து வைப்பதும் இதற்காகத்தான்.

இப்போது காலத்தின் திசை. 2002-இல் வந்த கோல்ட்ப்ளே குழுவின் ‘தி சயின்டிஸ்ட்’ வீடியோவில் உலகமே பின்னோக்கி ஓடுகிறது, பாடகர் கிறிஸ் மார்ட்டின் வாய் மட்டும் முன்னோக்கிப் பாடுகிறது. கொள்கை அதேதான். படத்தைத் திருப்பி ஓட்டப்போகிறோம் என்றால் வாயசைவையும் முன்கூட்டியே திருப்பிவிட வேண்டும். அதற்காக அவர் பாட்டைத் தலைகீழாகப் பாடக் கற்றுக்கொண்டார், சுமார் ஒரு மாதம் ஆனது. சொற்களைக் கடைசியிலிருந்து சொல்வது என்று நினைத்துவிடாதீர்கள், ஒலியையே திருப்ப வேண்டும். ‘விகடகவி’யை எழுத்தில் திருப்பினால் அதே விகடகவி, ஒலியைப் பதிவுசெய்து திருப்பினால் ‘இவகடகிவ்’ மாதிரி ஏதோ வரும், ஏனென்றால் ‘வி’க்குள் இருக்கும் மெய்யும் உயிரும்கூட இடம் மாறிவிடும். இப்படி ஒரு முழுப் பாட்டை மனப்பாடம் செய்து, உணர்ச்சியோடும் பாட வேண்டும் என்று யோசித்தால் ஒரு மாதம் குறைவுதான்.

பாட்டை மெதுவாக்கிப் படம் எடுத்த வேடிக்கையும் உண்டு. ஓகே கோ என்ற அமெரிக்கக் குழு 2016-இல் ‘அப்சைட் டவுன் அண்ட் இன்சைட் அவுட்’ பாட்டுக்கு ரஷ்யாவில் ஒரு இல்யுஷின்-76 விமானத்துக்குள் எடையற்ற நிலையில் ஆடியது. விமானம் எறிந்த கல்லைப்போல் வளைவாக ஏறி இறங்கும்போது உள்ளே இருப்பவர்களும் அதே பாதையில் விழுந்துகொண்டிருப்பதால் மிதப்பார்கள், ஒரு வளைவுக்குக் கிடைப்பது சுமார் 27 நொடி. கணக்குப் போட்டால், அந்த 27 நொடிக்கு விமானம் செங்குத்துத் திசையில் நொடிக்கு 130 மீட்டருக்கு மேல் வேகத்தோடு தொடங்கி, 900 மீட்டர் அளவு ஏறி, அதே அளவு இறங்க வேண்டும். பாட்டோ மூன்று நிமிடத்துக்கு மேல். எனவே எட்டு வளைவுகளை அடுத்தடுத்துப் பறந்தார்கள், மொத்தம் முக்கால் மணி நேரம், ஒரே டேக். இடைப்பட்ட நிமிடங்களில் எல்லோரும் இருந்த இடத்தில் அசையாமல் காத்திருப்பார்கள், அந்தப் பகுதிகளை வெட்டி எடுத்து ஒட்டினார்கள். ஒவ்வொரு 27 நொடியிலும் பாட்டின் 21 நொடி அடங்கும்படி பாட்டை மெதுவாக்கி ஒலிக்க விட்டு, பிறகு படத்தை வேகப்படுத்தினார்கள்.

எனக்கு இதில் பிடித்தது, இந்த வேகப்படுத்தலை நம் கண் கண்டுபிடிக்காமல் விடுவதுதான். தரையில் எடுத்த படத்தை 28 சதவீதம் வேகமாக்கினால் பழைய ஊமைப்பட நடைபோல் உடனே காட்டிக்கொடுத்துவிடும், விழும் பொருள்தான் நம் கண்ணுக்குக் கடிகாரம். விமானத்துக்குள் எதுவுமே விழவில்லை, கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கவில்லை.

பாட்டே ஒலிக்கத் தேவையில்லாத முறையும் இருக்கிறது. 1986-இல் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ வீடியோவில் ஸ்டாப் மோஷன் காட்சிகள் நிறைய. பாட்டை ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரித்து, எந்த ஃப்ரேமில் வாய் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்று அட்டவணை போட்டு, அதைப் பார்த்து ஒவ்வொரு படமாக எடுப்பது. அதற்காகக் கண்ணாடித் தகட்டுக்குக் கீழே கேப்ரியல் 16 மணி நேரம் படுத்திருந்தார்.

போஸ்டருக்கு மியூசிக் வீடியோவிலிருந்தே ஒரு ஃப்ரேமை உருவினால் போதாதா என்று தயாரிப்பாளர்கள் கேட்பதுண்டு. 24 ஃப்ரேமில் வழக்கமான ஷட்டர் திறப்பு ஒரு நொடியில் 48-இல் ஒரு பங்கு, அதற்குள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் கை 6 சென்டிமீட்டர் இழுபட்டுவிடும். ஓடும் படத்தில் அந்த மங்கல்தான் அசைவை வழவழப்பாக்குகிறது, அச்சில் அது அழுக்கு. ஆகவே ஃபிளாஷ் வைத்துத் தனியாக ஸ்டில் எடுக்க வேண்டியதுதான்.

பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபையில் பாட்டு ஓடும்போது பின்னால் சுழலும் கேன்வாஸ் என்ற குட்டிப்படத்துக்கு விதிகள் வேறு. 3 முதல் 8 நொடி, செங்குத்து வடிவம், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பாட்டின் எந்த இடத்தில் எந்த ஃப்ரேம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் இங்கே வாயசைக்கும் ஷாட்டைப் போட்டால் பொருந்தவே பொருந்தாது, அதைத் தவிர்ப்பதே நல்லது. லூப்பின் ஒட்டுத் தெரியாமல் இருக்க முன்னோக்கி ஒரு தடவை, பின்னோக்கி ஒரு தடவை என்று மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அப்போது பூ தூவும் ஷாட்டைக் கொடுத்தால் பாதி நேரம் பூ தரையிலிருந்து மேலே ஏறும். புகை, தண்ணீர், கண்ணீர்த் துளி எல்லாவற்றுக்கும் இதே கதி. ஊஞ்சல் ஷாட் கொடுங்கள், போகும் பாதையும் திரும்பும் பாதையும் ஒன்றே, எந்தப் பக்கம் ஓட்டினாலும் அது ஊஞ்சல்தான்.