நல் மோடம்: நல்லதும் இல்லை, மோடமும் இல்லை

முந்திரி ஆலையை மார்த்தாண்டம் பக்கத்தில் ‘அண்டி ஆபீஸ்’ என்போம். அப்படி ஓர் அண்டி ஆபீஸில் கணக்கு எழுதிய காலத்தில், பழைய கணினியிலிருந்த சம்பளக் கணக்கைப் புதியதற்கு மாற்ற வேண்டியிருந்தது. ஃபிளாப்பி டிரைவ் பழுது. இரண்டிலும் தரவை ஒவ்வொரு பிட்டாக வரிசையாக அனுப்பும் சீரியல் போர்ட் இருந்ததால், ‘நல் மோடம் கேபிள் - 1’ என்று துண்டுச்சீட்டில் எழுதி ஒருவரை நாகர்கோவிலுக்கு அனுப்பினேன். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கியவர் கையில் மோடம் பெட்டி. “இருப்பதிலேயே நல்லது இதுதானாம், சார்.”

நல்லமிளகும் நல்லெண்ணெயும் வாங்கிப் பழகியவர் ‘நல்’லை வேறு எப்படிப் படிப்பார்? தவறு என்னுடையது.

இந்த ஆங்கில ‘நல்’ (null), ‘எதுவுமில்லாத’ என்று பொருள்படும் ‘நுல்லுஸ்’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. மோடம் என்பது கணினியைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் கருவி; மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டையும் வெட்டி ஒட்டிய பெயர். நம் இயற்பியல் பாடநூல்களில் பண்பேற்றம், பண்பிறக்கம் என்று வருபவைதான். சீரியல் போர்ட்டுக்கான ஆர்எஸ்-232 நெறி 1960-இல் வகுக்கப்பட்டபோது, கம்பியின் ஒரு முனையில் டெர்மினல் (பின்னாளில் அந்த இடத்தில் கணினி), மறுமுனையில் மோடம் என்றே கணக்கு. ஒன்பது பின் (ஊசி) உள்ள போர்ட்டில் கணினி 3-ஆம் பின்னில் பேசும், 2-இல் கேட்கும். மோடமோ அதே 3-இல் கேட்கும், 2-இல் பேசும். ஆகவே கம்பிகள் நேராகப் போனால் போதும்.

இரண்டு கணினிகளை அதே நேர்க்கம்பியால் இணைத்தால் வாய் வாயோடும் காது காதோடும் முட்டிக்கொள்ளும். 2-ஐ மறுமுனையின் 3-க்கும், 3-ஐ 2-க்கும் மாற்றிக் கட்டவேண்டும். 5, பொதுத் தரை, நேராகவே போகும். ‘அனுப்பலாமா’, ‘அனுப்பு’ என்று பேசிக்கொள்ளும் 7-உம் 8-உம் அதேபோல் இடம் மாறும். கம்பி குறைந்தால் சிலர் ஒரே முனையில் 7-ஐயும் 8-ஐயும் சேர்த்துவிடுவார்கள். கணினி தானே கேட்டுத் தானே தலையாட்டிக்கொள்ளும்! நடுவே இரண்டு மோடங்கள் நின்று செய்யவேண்டியதை வெறும் கம்பி செய்வதால் ‘இல்லாத மோடம்’ என்று பெயர்.

தமிழில் எப்படிச் சொல்வது? கலைச்சொல் பட்டியல்களில் மோடம் ‘இணக்கி’. அதன்முன் ‘சுழி’ சேர்த்தால் கடலோரத்தார் நீர்ச்சுழியை நினைப்பார்கள். ‘இன்மை’ என்றால் வறுமை. ‘வெற்று இணக்கி’ இலக்கணப்படி சரி. ஆனால் உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி என்றுதான் காதில் விழுகிறது. இல்லாத பொருளின் பெயரைத் தமிழாக்குவதைவிட, இருக்கிற கம்பி செய்கிற வேலையைச் சொல்லலாம். மாறுகண், மாறுவேடம் என்பதுபோல ‘மாறுகம்பி வடம்’ என்பது என் பரிந்துரை. கேபிளுக்கு வடம் என்பதில் தயக்கம் வேண்டாம். சுசீந்திரம் தேரோட்டத்தில் ஊரே பிடித்து இழுக்கும் சொல் அது.

போர்ட்டுக்கு வழங்கும் ‘துறை’யில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கணினியின் போர்ட்டுக்கு மூலம், வாயில் என்று பொருள்படும் ‘போர்ட்டா’. துறைமுகத்தின் ‘போர்ட்டுஸ்’ அதன் உறவு. அகராதிக்காரர் கண்டிப்புக் காட்டினால் ‘வாயில்’தான் பொருந்தும். ஆனால் சின்னத்துறை, பூத்துறை, இரவிபுத்தன்துறை என்று வரிசையாக ஊர்கள் உள்ள குமரி மாவட்டத்தில், தரவுச் சரக்கு ஏறி இறங்கும் சீரியல் போர்ட்டைத் ‘தொடர் துறை’ என்றால் யாருக்குப் புரியாது?

மோடத்தைத் திருப்பிக் கொடுத்து நேர்க்கம்பி ஒன்றை வாங்கி, ஒரு முனையின் மூடியைக் கழற்றிக் கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தேன். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஃபிளாப்பி ஒன்றின் 1.44 எம்பி போய்ச்சேர 25 நிமிடத்துக்கு மேல் ஆகும். 115200-இல் இரண்டு நிமிடம் சொச்சம். இரண்டு வகை வடமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கம்பித் தொடர்ச்சி இருந்தால் ஒலிக்கும் நிலைக்கு மல்டிமீட்டரைத் திருப்பி, அதன் ஒரு முனையை 2-ஆம் பின்னில் வைத்து, மற்றதால் வடத்தின் மறுபக்கம் தொட்டுப் பாருங்கள். 2-இல் ஒலித்தால் நேர்க்கம்பி, 3-இல் ஒலித்தால் மாறுகம்பி.