சுவரில் ஊரும் வெள்ளரி விதை

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. கதவைத் திறந்த அம்மா, "தம்பி, சுவர்ப்பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. உங்களை அழைத்ததற்கு ஒரு மேசனை அழைத்திருக்கலாம்" என்றார். அவர் காட்டிய 'பூச்சுத் துண்டு' மெல்ல நகர்ந்தது.

பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் இதற்காகவே எனக்குப் பல அழைப்புகள் வருகின்றன. வெள்ளரி விதைபோலத் தட்டையாக, நடுவில் அகன்று, இரு முனையும் ஒடுங்கிய சாம்பல் நிறக் கூடு அது. நீளம் ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர். உள்ளே ஓர் அந்துப்பூச்சியின் புழு இருக்கிறது. தன் பட்டு நூலில் மணல், தூசு, பெயின்ற் துகள்களை ஒட்டி அந்தக் கூட்டைக் கட்டிக்கொள்கிறது. இரு முனையும் திறப்புத்தான். எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் தலையை நீட்டி, கூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். நீல அறையில் நீலத் துகள் பதிந்த கூடுகளைக் கண்டிருக்கிறேன்.

அந்தக் கூட்டுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகி வெளிவரும் அந்துப்பூச்சியை எவரும் கவனிப்பதில்லை. விரித்த இறகு ஒரு சென்றிமீற்றர் அளவுதான். சாம்பல் நிறம், முன்னிறகில் சில கரும்புள்ளிகள், பின்னிறகின் ஓரத்தில் மயிர்போன்ற செதில்கள். அது எதையும் உண்பதில்லை.

இலங்கையில் பதிவான இனத்தின் பெயர் ஃபெரியோகா அல்லூட்டெல்லா. 1892இல் ரெபெல் என்பவர் பெயரிட்டார். இந்தியா, சீஷெல்ஸ், கனேரித் தீவுகள் என்று வெப்பமான பல இடங்களில் இருக்கிறது. புளோரிடா வீட்டுச் சுவர்களில் இதன் நெருங்கிய உறவினம் ஊர்கிறது. ஈரக்காற்று இவற்றுக்கு உயிர். கொழும்பில் அதற்கா பஞ்சம்?

மருந்து அடிக்கச் சொல்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. மணலும் பட்டும் சேர்ந்த கூடு புழுவுக்குக் கவசம். சுவரில் அடிக்கும் மருந்து உள்ளே போவது அரிது. போனாலும் அதன் சாப்பாடு அப்படியே கிடக்கும்: பழைய சிலந்தி வலை, உதிர்ந்த தலைமயிர், செத்த பூச்சிகள். கம்பளியையும் தின்னும். இலண்டனிலிருந்து வந்த பிள்ளைகள் விட்டுப்போன கோட்டு, அலுமாரியின் அடியில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் ஒருமுறை உதறிப் பாருங்கள். பருத்திச் சேலைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

அந்த வீட்டில் நான் கேட்டது நீளமான தும்புத்தடி ஒன்று. கட்டிலுக்குப் பின்னால், ஏசிக்கு மேலே, குளியலறைக் கூரை மூலையில் ஒட்டடை அடித்தோம். கூடுகளைக் கையால் எடுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டோம், இருபத்திரண்டு இருந்தன. மருந்துப் பையைத் திறக்கவேயில்லை.

மூன்று மாதம் கழித்து அம்மா மறுபடி அழைத்தார். இம்முறை கரப்பான்.