பிடித்தம் வேறு, வரி வேறு: சீசன் வேலைக்குப் போகும் பென்ஷன்காரர்களுக்கு

வருமான வரி ரிட்டர்ன் போடும் ஜூலை பிறந்தால் ஒரே கேள்விதான். "பத்து சதவீதம் அவங்களே பிடிச்சுட்டாங்களே சார், மறுபடியும் நான் எதுக்குக் கட்டணும்?" விடைத்தாள் திருத்தம், கோடையில் நீட் வகுப்பு, தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் கணக்கு என்று இரண்டு மூன்று மாதம் உழைத்தவர்கள் கேட்பது. இந்த வருஷமும் இத்தனை பேரா என்று மனசு ஆறவில்லை.

பிடித்தம் (டிடிஎஸ்) என்பது வரிக்கான முன்பணம், அவ்வளவுதான். பிடிக்கிறவருக்கு உங்கள் பென்ஷனும் தெரியாது, வட்டியும் தெரியாது. சட்டம் சொன்ன விகிதத்தில் கழித்து உங்கள் பான் எண்ணில் வரவு வைப்பதோடு அவர் வேலை முடிந்தது. வரியை முடிவு செய்வது ஏப்ரல் முதல் மார்ச் வரை எல்லா வழியிலும் வந்த மொத்தம். ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல் வரி வரலாம். பிடித்தது முழுவதும் திரும்பியும் வரலாம்.

2025-26 நிதியாண்டை எடுத்துக்கொள்வோம், புதிய வரிமுறையில். பென்ஷன் மாதம் 80,000, வருடத்துக்கு 9,60,000. நிலையான கழிவு 75,000 போக 8,85,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம், 8.2 சதவீதத்தில் வட்டி 2,46,000. வங்கி வட்டி 19,000. ஆக 11,50,000. பன்னிரண்டு லட்சத்துக்குள் இருப்பதால் வரி பூஜ்யம்.

இதன் மேல் பிப்ரவரி, மார்ச்சில் நீட் வகுப்பு எடுத்து 90,000 வருகிறது. மொத்தம் 12,40,000. பன்னிரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டுபவர்களுக்கு மார்ஜினல் ரிலீஃப் உண்டு. தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது. தாண்டியது 40,000, அது அப்படியே வரி. வரியின் மேல் விதிக்கும் செஸ் 4 சதவீதம் சேர்த்து 41,600. நிறுவனம் பிடித்தது 9,000. மீதி 32,600 கையிலிருந்து. இரண்டு மாதம் தொண்டை வற்றப் பாடம் நடத்தியதில் நிற்பது 48,400 மட்டும். அதே வகுப்பில் பாதி மார்ச்சிலும் பாதி ஏப்ரலிலும் நடந்து, பணமும் அப்படியே வந்திருந்தால் இந்த ஆண்டுக் கணக்கு 11,95,000-இல் நின்றிருக்கும், வரி கிடையாது. சம்மதம் சொல்வதற்கு முன் பத்து நிமிடம் பேப்பரும் பேனாவுமாக உட்காருங்கள் என்று கெஞ்சுவது இதற்காகத்தான்.

எனக்கு வரி வராது, பிடிக்காதீர்கள் என்று மூத்த குடிமக்கள் எழுதித் தரும் 15எச் படிவத்தைக் கோச்சிங் நிறுவனத்திடம் நீட்டாதீர்கள். அது வட்டி போன்ற சில வருமானங்களுக்குத்தான். தொழில்முறைக் கட்டணத்துக்குச் செல்லாது. வங்கியிலும் தபால் நிலையத்திலும் ஏப்ரலில் கொடுத்த 15எச் நீங்கள் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி. நடுவில் மொத்தம் வரம்பைத் தாண்டுகிறது என்றால் அங்கே போய்ச் சொல்லுங்கள்.

கடையில் சம்பளமாகத் தந்தால் பென்ஷன் விவரத்தை முதலாளியிடம் எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் பென்ஷன் தரும் வங்கி ஒருமுறை, கடை ஒருமுறை என்று நிலையான கழிவு 75,000-ஐ இரண்டு தடவை கழித்துவிடுவார்கள். சட்டப்படி அது ஒருமுறைதான்.

"பாதி வருமானத்தைக் காட்டினால் போதும்" என்று கேட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. அப்படிச் சொல்லும் 44ஏடிஏ பிரிவு மருத்துவர், வக்கீல், பொறியாளர், கணக்காளர் போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கு. பாடம் நடத்துவது அந்தப் பட்டியலில் இல்லை. மனைவி பெயருக்கு டெபாசிட்டை மாற்றினாலும் வட்டி உங்கள் கணக்கில்தான் சேரும்.

தொழில் வருமானம் இல்லாத, 60 வயது நிரம்பியவருக்கு முன்வரி, அதாவது ஆண்டு முடியுமுன் தவணையாகக் கட்டும் வரி, கிடையாது. வருடாவருடம் இரண்டு மூன்று நிறுவனங்களில் வகுப்பு எடுப்பவர் அந்தச் சலுகைக்குள் வரமாட்டார். பிடித்தம் போக வரி 10,000-ஐத் தொட்டால் தவணைத் தேதிகளில் கட்ட வேண்டும், கடைசி மார்ச் 15. தவறினால் மாதம் ஒரு சதவீதம் வட்டி. அவருக்கு ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் படிவமும் ஆகாது.

பென்ஷன் குறைவாக உள்ளவர்கள் செய்யும் தவறு வேறு. விடைத்தாள் திருத்திய பணத்தில் 6,000 பிடித்திருப்பார்கள். "நமக்குத்தான் வரியே இல்லையே" என்று ரிட்டர்ன் போடாமல் விட்டுவிடுவார்கள். அது உங்கள் பணம் ஐயா. ரிட்டர்ன் போட்டால்தான் திரும்பி வரும். போடுவதற்கு முன், உங்கள் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் பிடித்தவரிடம் 16ஏ என்ற பிடித்தச் சான்றிதழைக் கேளுங்கள். வேலையில் சேரும்போதே பான் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

75 வயது தாண்டியவர்களுக்கு ரிட்டர்னே வேண்டாம் என்பது பென்ஷனும் வட்டியும் ஒரே வங்கியிலிருந்து வந்து, வேறு வருமானம் எதுவும் இல்லாதவர்களுக்கு மட்டும். ஒரு நாள் தேர்வுக் கண்காணிப்புக்கு வாங்கிய பணம்கூட வேறு வருமானம்தான்.