எல்லோர் தோலிலும் இருக்கும் வைரஸ், ஒரு சிலருக்கு மட்டும் புற்றுநோயாவது ஏன்?

பாம்பனிலும் மண்டபத்திலும் வெயிலில் நின்று வலை பிரிப்பவர்களின் தோலிலும், கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களின் தோலிலும், உலகின் பெரும்பாலான பெரியவர்களுக்கு இருப்பதைப் போலவே, மெர்க்கல் செல் பாலியோமா வைரஸ் இருக்கக்கூடும். சிறுவயதிலேயே தொற்றும் இது பொதுவாக எந்தத் தொல்லையும் தருவதில்லை.

2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பேட்ரிக் மூர் ஆகியோரின் குழு, மெர்க்கல் செல் கார்சினோமா என்னும் அரிய தோல் புற்றுநோய்க் கட்டிகளில் கிடைத்த மரபுத் தொடர்களிலிருந்து மனிதனுக்கு உரியவற்றையெல்லாம் கழித்துவிட்டு, மிஞ்சியதை ஆராய்ந்து இந்த வைரஸைக் கண்டது. சோதித்த 10 கட்டிகளில் 8இல் அது இருந்தது.

சுமார் 5,400 கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்) கொண்ட வளைய டி.என்.ஏ.தான் இதன் மரபுப்பொருள். இதன் பெரிய டி புரதத்துக்கு முக்கியமான வேலைகள் இரண்டு: வைரஸின் டி.என்.ஏ.வைப் படியெடுக்க உதவுவது. செல் கண்டபடி பிரியாமல், வள்ளத்தை நிறுத்தும் நங்கூரம்போலப் பிடித்து வைத்திருக்கும் ஆர்பி புரதத்தை முடக்குவது. புற்றுநோய் உருவாக அரிதான இரு விபத்துகள் நேர வேண்டும். வளையம் அறுந்து மனித டி.என்.ஏ.வுக்குள் ஒட்டிக்கொள்வது ஒன்று. டி புரதத்தின் பின்பகுதி திடீர்மாற்றத்தால் துண்டிக்கப்பட்டு, படியெடுக்கும் திறன் போய், ஆர்பியை முடக்கும் திறன் மட்டும் எஞ்சுவது மற்றொன்று. அத்திறன் போகாவிட்டால், ஒட்டிய இடத்திலேயே நடக்கும் படியெடுப்பு அந்தச் செல்லுக்கே கேடாகியிருக்கும். இனி அதிலிருந்து புதிய வைரஸ் பிறக்க வழியில்லை; ஆக, இந்தப் புற்றுநோய் வைரஸுக்கும் முட்டுச்சந்துதான். ஒரு கட்டியின் செல்கள் அனைத்திலும் வைரஸ் ஒரே இடத்தில் ஒட்டியிருப்பது, கட்டி வளரத் தொடங்கும் முன்பே அது நுழைந்துவிட்டது என்பதற்கு வலுவான சான்று.

இத்தனைக்குப் பிறகும் நோய் எதிர்ப்பாற்றல் பெரும்பாலும் காத்துவிடுகிறது. அதனால்தான் முதியவர்களிடமும், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களிடமும், எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களிடமும் இந்தப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படுகிறது. வைரஸ் இல்லாத கட்டிகளும் உண்டு. அவற்றில் சூரியனின் புற ஊதாக் கதிர் ஏற்படுத்திய மரபுச் சேதம் ஏராளமாக இருக்கும்.

வெள்ளைத் தோலினரிடமே இந்நோய் மிகுதி என்பதால், நம் கடற்கரை மக்கள் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆனாலும் முகத்திலோ கழுத்திலோ கையிலோ வலியே இல்லாமல், சிவந்தோ ஊதா நிறத்திலோ கெட்டியாக எழும்பி, சில வாரங்களிலேயே பெருக்கும் கட்டியை, வலிக்கவில்லையே என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். தொடக்கத்தில் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் உதவும். பரவிய நிலைக்கு, எதிர்ப்பாற்றலுக்கு உள்ள தடையை நீக்கும் அவெலுமாப் மருந்தை அமெரிக்கா 2017இல் அனுமதித்தது. வைரஸ் வழி வந்த கட்டி, டி புரதம் இல்லாமல் பிழைக்க முடியாது. உடலுக்கு அந்நியமான அந்தப் புரதத்தை வைத்தே எதிர்ப்புச் செல்கள் அதை அடையாளம் கண்டு தாக்குகின்றன.