பேஸ்மென்ட்டில் ஃபர்னஸ் புகை: ஒன்ராறியோவில் வாடகைக்கு இருப்பவர் எங்கே போய்க் கேட்பது?

வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸின் கழிவுப் புகை முழுவதும் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. ஒன்ராறியோ சட்டத்தில் இதில் குழப்பம் எதுவும் இல்லை. ஆனாலும் ஸ்காபரோவிலும் பிரம்டனிலும் பேஸ்மென்ட்டில் இருக்கும் நம் ஆட்கள், காலையில் தலைவலியோடு எழும்பி, வெளியே போனதும் அது சரியாகிவிட, "குளிருக்குத்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். கேட்டால் வீட்டை விட்டு எழுப்பிவிடுவாரோ என்ற பயம் வேறு. அந்தப் பயத்தை வைத்தே காலம் ஓட்டும் வீட்டுக்காரர்களைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உயிர். அந்தப் புகையில் இருக்கக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அலாரம் அடித்தால் பிள்ளைகளோடு வெளியே வந்து 911ஐ அழையுங்கள். வீட்டுக்காரருக்கு அதற்குப் பிறகு சொன்னால் போதும். 2008இல் வூட்ஸ்டொக்கில் கேஸ் நெருப்பிடத்தின் புகைவழி அடைபட்டு ஒரு குடும்பத்தில் நான்கு பேரும் இறந்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் 2013ஆம் ஆண்டின் ஹாக்கின்ஸ்-கிக்னக் சட்டம். கேஸ் கருவி இருக்கும் வீட்டில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். 2026 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மாடியிலும் வேண்டும், பேஸ்மென்ட்டும் அதில் சேரும். அலாரத்தைப் பொருத்த வேண்டியது வீட்டுக்காரர். சத்தம் போடுகிறதே என்று நீங்கள் பேட்டரியைக் கழற்றினால் குற்றம் உங்கள் பக்கம் வந்துவிடும்.

அடுத்து, புகைவழியை நீங்களே ஒருமுறை வெளியே போய்ப் பாருங்கள். புதிய ஃபர்னஸ்களின் புகை சுவர் வழியாக பிளாஸ்டிக் குழாயில் வெளியேறும். அந்த வாய் தரையிலிருந்து குறைந்தது 12 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். பனி குவிந்தால் அந்த 12 அங்குலம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. டிரைவ்வேயில் அள்ளிய பனியை அதே சுவரோரம் குவிக்கும் வீடுகள் எத்தனையோ. திறக்கக்கூடிய ஜன்னலுக்கும் அந்த வாய்க்கும் இடையே, ஃபர்னஸின் வெப்ப அளவு 1,00,000 பிடியூ வரை என்றால் 12 அங்குலமும், அதற்கு மேல் என்றால் 36 அங்குலமும் இடைவெளி வேண்டும். கேஸ் புகைக்கென்றே செய்த குழாய் என்று காட்டும் எஸ்636 என்ற முத்திரை குழாயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண கழிவுநீர்க் குழாயை வைத்து ஒட்டியிருந்தால் அது விதிப்படி இல்லை.

பேஸ்மென்ட்டில் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. முன்பு பழைய ஃபர்னஸும் சுடுநீர்த் தொட்டியும் ஒரே புகைபோக்கியில் புகை விட்டிருக்கும். புதிய ஃபர்னஸ் சுவர் வழியாகப் போனதும் தொட்டி மட்டும் அந்தப் பெரிய புகைபோக்கியில் தனியாக மிஞ்சுகிறது. அதன் சூடு போதாமல் புகை மேலே ஏறாது, அறைக்குள்ளேயே திரும்பும். வாடகைக்கு அறை பிரிக்கிறேன் என்று ஃபர்னஸ் அறையைச் சுற்றி இறுக்கமாகச் சுவர் அடைத்தால் எரிவதற்குக் காற்றும் கிடைக்காது. தொட்டியின் மேல்பக்கம் கருகியிருந்தாலும், சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக இருந்தாலும், படம் எடுத்து வையுங்கள்.

இனி அலுவலகங்கள். ரொறன்ரோவில் நகரசபையின் சேவை எண்ணான 311ஐ அழைத்தால் "ரென்ட்சேஃப் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது" என்று சொல்லக்கூடும். உண்மைதான், வாடகைக் கட்டடங்களைக் கண்காணிக்கும் அந்த நகரத் திட்டம் குறைந்தது மூன்று மாடியும் பத்து வீடும் உள்ள கட்டடங்களுக்கு. அங்கேயே போனை வைத்துவிடாதீர்கள். நகரத்தின் சொத்துத் தரவிதி எல்லா வாடகை வீட்டுக்கும் உண்டு. "ப்ராப்பர்ட்டி ஸ்டாண்டர்ட்ஸ் புகார்" என்று பெயர் சொல்லிப் பதியச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அலாரம் இல்லை என்றால் அது தீயணைப்புத் துறைக்கான தனிப் புகார். கேஸ் பாதுகாப்பு மாகாண அமைப்பான டிஎஸ்எஸ்ஏவிடம் இருக்கிறது, ஆனால் அவர்கள் வந்து திருத்தித் தரமாட்டார்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டிக்கொண்டே இருப்பார்கள். இதில் அலைவது எப்போதும் நாள்கூலி இழந்து லைனில் காத்திருக்கும் மனிதர்தான்.

இந்தச் சுற்றலை அறுக்கும் காகிதம் ஒன்று உண்டு: ரெட் டேக். ஜி1 அல்லது ஜி2 லைசென்ஸ் உள்ள டெக்னீஷியன் ஆபத்தைக் கண்டால் அதை எழுதித் தொங்கவிட வேண்டும். ஏ வகை என்றால் உடனே கேஸ் நிறுத்தப்படும். பி வகை என்றால் கூடியது 45 நாட்களுக்குள் திருத்த வேண்டும். "எனக்குத் தெரிந்த பெடியன் பார்த்தான், ஒன்றுமில்லை" என்று வீட்டுக்காரர் சொன்னால் லைசென்ஸும் டிஎஸ்எஸ்ஏ பதிவும் கேளுங்கள். டேக்கைப் படம் எடுங்கள்.

கேஸ் நின்றால் வீடு குளிரும், அதனாலேயே பலர் வாய் திறப்பதில்லை. ஆனால் செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை குறைந்தது 20 பாகை சூடு கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. டேக் வந்ததால் அந்தக் கடமை ஓயாது.

வீட்டுக்காரர் அசையவில்லை என்றால் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் மாகாண வாடகைச் சபையில் (Landlord and Tenant Board) டி6 படிவம், அதாவது வீட்டைத் திருத்தித் தரவில்லை என்ற விண்ணப்பம். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் விழுகிறார்கள். கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வாடகை கட்டாததற்கு வெளியேறச் சொல்லும் என்4 நோட்டீஸ் வரும், ஃபர்னஸ் கதை பின்னுக்குப் போய் நீங்கள் கடன்காரராக நிற்பீர்கள். ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விசாரணைக்கு மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் போனில் பேசியதையெல்லாம் அன்றே டெக்ஸ்டாகவும் அனுப்பி வையுங்கள். "பார்த்துத்தானே வந்தீர்கள்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. குறை தெரிந்தே குடிவந்திருந்தாலும் திருத்துவது வீட்டுக்காரர் வேலைதான்.

அனுமதி இல்லாத பேஸ்மென்ட் என்றாலும் இந்த உரிமை உண்டு. புகார் செய்ததற்காக வெளியேற்றக் கேட்டால் சபை மறுக்க வேண்டும். ஆனால் நகரம் அந்தக் குடியிருப்பையே மூடச் சொல்லவும் கூடும். ஆகவே 311க்கு முன்னால் ஒரு சட்ட உதவி மையத்தில் பேசிவிடுங்கள். வருமானம் குறைவாக இருந்தால் இலவசம்.

வீட்டுக்காரரோடோ அவருடைய நெருங்கிய குடும்பத்தோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிரும் ஏற்பாடு என்றால் வாடகைச் சட்டம் உங்களைச் சேர்க்காது, டி6 செல்லாது. அறை வாடகைக்கு வந்த மாணவர்கள் இதைத் தெரியாமலே விண்ணப்பம் போட்டு ஏமாறுகிறார்கள். அவர்களுக்கும் அலாரம் சட்டமும் கேஸ் விதியும் அப்படியே பொருந்தும். தீயணைப்புத் துறையையே நேராகக் கேளுங்கள்.

இன்னொன்று, வீட்டுக்காரராக இருக்கும் அம்மா அப்பாமாருக்கு. "அரசாங்கத்திலிருந்து வருகிறோம், உங்கள் புகைக்குழாய் பிழை" என்று கதவைத் தட்டுபவரை உள்ளே விடாதீர்கள். 2018 மார்ச் 1 முதல் அழைக்காமல் வீடு தேடி வந்து ஃபர்னஸ் விற்பதும் வாடகைக்குக் கொடுப்பதும் இங்கே தடை. அப்படி வாங்கிய கையெழுத்துச் செல்லாது. ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் பணம் கட்டுவதற்கு முன் அந்தத் தாள்களோடு மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுங்கள்.