பணம் கட்டும் முன் காகிதத்தைப் பாருங்கள்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு மருத்துவமனைகளுக்கும் பொறியியல் நிறுவனங்களுக்கும் ஆள் எடுத்துக் கொடுப்பது என் தொழில். வேலை கேட்டு வருபவர்களில் பலர் சம்பளம் எவ்வளவு என்று விசாரிக்கும் முன்பே, “சார், இதுக்கு எவ்வளவு கட்டணும்?” என்று கேட்டுவிடுகிறார்கள். கூட வரும் அம்மாக்கள், “காசு போனா போவட்டும் மக்களே, இவன் கேறிப் போனா போதும்” என்பார்கள். நகை அடகுக்குப் போவது அந்தப் பேச்சுக்கு அடுத்த நாள்தான். மாவட்டத்தின் படிப்பறிவு 2011 கணக்கெடுப்பிலேயே 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இவ்வளவு படித்தும் எதிரில் இருப்பவரின் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கத் தயங்குகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

எனக்குக் கூலி கொடுப்பது ஆள் கேட்கும் நிறுவனம். உள்நாட்டு வேலைக்குப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாட்டு வேலைக்குக் கணக்கு வேறு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். மார்த்தாண்டத்திலோ கருங்கலிலோ ஒருவர், “மும்பை ஆபீஸோட லைசென்ஸ்ல நாங்க செய்றோம்” என்று சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சப்-ஏஜென்ட் என்று ஒருவரைச் சட்டம் ஏற்பதில்லை. உரிம எண்ணைக் கேட்டு, வெளியுறவு அமைச்சகத்தின் ஈமைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, முடக்கப்பட்டிருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். எண்ணைக் கேட்டதும் கோபப்படுகிற ஏஜென்ட்டிடம் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

செவிலியர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சவூதி, குவைத் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும் செவிலியருக்கு, அவர் எவ்வளவு படித்திருந்தாலும், 2015 முதல் மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். தமிழ்நாடு அரசுக்கே சென்னையில் ஓஎம்சிஎல் என்ற அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, 1978-இல் தொடங்கியது. அங்கே ஒரு முறை பதிவு செய்துவிட்டு அப்புறம் மற்ற வழிகளைப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் கப்பல் வேலைக்கு அலையும் தம்பிகள், கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று பார்க்க வேண்டும். மாலுமியிடம் வேலைக்காகப் பணம் வாங்குவது அந்த விதிகளிலேயே தடை செய்யப்பட்டது.

விசிட் விசாவில் போய் வேலையில் சேர்ந்துவிடலாம் என்பதை நம்பிப் போகாதீர்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கம்போடியாவில் கால் சென்டர் என்று அழைத்துப் போய், அங்கேயோ மியான்மர் எல்லை தாண்டியோ உள்ள முகாம்களில் அடைத்து இணைய மோசடி செய்ய வைக்கிறார்கள். வெளியுறவு அமைச்சகம் 2022 முதலே இதைப் பற்றி எச்சரித்து வருகிறது. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள்தான் அவர்களுடைய குறி.

நாம் ஏஜென்ட்டின் காகிதத்தைச் சோதிப்பது போலவே வேலை கொடுப்பவர்களும் நம் காகிதத்தைச் சோதிப்பார்கள். இங்கேதான் நல்ல பிள்ளைகள் பலர் கண்ணெதிரே வாய்ப்பை இழக்கிறார்கள்.

ஒரு செவிலியர் தக்கலைப் பக்கம் சின்ன மருத்துவமனையில் இரண்டு வருடம் நன்றாக வேலை பார்த்திருப்பார். “அது செல்லாது, நூறு படுக்கை உள்ள இடத்து சர்டிபிகேட் வாங்கித் தாரேன்” என்று ஒருவர் காசு வாங்கிக்கொண்டு ஒன்றைக் கொடுப்பார். வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ என்றொரு சரிபார்ப்பு உண்டு. சர்டிபிகேட்டில் பெயர் உள்ள மருத்துவமனையிடமே நேராகக் கேட்பார்கள். ‘இவர் இங்கே வேலை பார்க்கவில்லை’ என்று பதில் போய்விட்டால், அவர் உண்மையாகப் பார்த்த இரண்டு வருடத்தையும் அப்புறம் யார் நம்புவார்கள்?

ஐடி துறையிலும் இதே கதைதான். திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு இங்கிருந்து தினமும் ரயிலில் போய் வருபவர்கள் ஏராளம். அந்த இடத்தை எட்ட வேண்டும் என்ற அவசரத்தில் அனுபவத்தை விலைக்கு வாங்குகிறார்கள். “பிஎஃப் கூடக் கட்டிக் காட்டுவோம்” என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். நிறுவனங்கள் யுஏஎன் என்ற பிஎஃப் கணக்கு எண்ணை வைத்துப் பணி வரலாற்றை எடுத்துப் பார்க்கின்றன. எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார் என்று எல்லாம் அதில் வரும். அந்தக் கம்பெனியில் வேறு யார் வேலை செய்தார்கள், என்ன புராஜெக்ட் என்று இரண்டு கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடும். சேர்ந்த பிறகு தெரிய வந்தாலும் வேலை போகும், ரிலீவிங் லெட்டரும் கிடைக்காது.

இடைவெளி இருந்தால் இருக்கட்டும். இரண்டு வருடம் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்தேன், குழந்தை பிறந்து வீட்டில் இருந்தேன், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று ஒரே வரியில் எழுதுங்கள். ஆள் எடுப்பவர்கள் மூடி மறைத்த இடத்தைத்தான் தோண்டுவார்கள். சொல்லிவிட்ட இடைவெளியை அநேகமாக ஒரு கேள்வியோடு விட்டுவிடுவார்கள்.

கல்ஃபில் இருந்து திரும்பி வருபவர்களுக்கு வேறு சிக்கல். பதினைந்து வருட அனுபவம் இருக்கும், பயோடேட்டாவில் ‘மெயின்டனன்ஸ் பொறுப்பு’ என்று ஒரு வரிதான் இருக்கும். கேட்டால்தான் விஷயம் வரும்: எத்தனை டன் சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்), கீழே எத்தனை பேர், கோடையில் பிளான்ட் நின்றபோது எப்படி ஓட்டினார், எந்த பிராண்ட் கன்ட்ரோலர். அதைத்தான் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். அப்பா பெயர், மதம், ஊர் பங்குத்தந்தையின் சிபாரிசு எல்லாம் அங்கே தேவையில்லை. கட்டம் கட்டி, பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து அழகுபடுத்தவும் வேண்டாம். பல நிறுவனங்களில் பயோடேட்டாவை முதலில் மென்பொருள்தான் படிக்கிறது, அது கட்டங்களில் தடுமாறும்.

சம்பளம் பேசும்போது வருடத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துக் கையில் வரும் தொகை என்று நினைத்துவிடாதீர்கள். வருடம் 4,80,000 என்றால் மாதம் 40,000. அடிப்படைச் சம்பளம் 20,000 என்று வைத்துக்கொண்டு அதில் 12 சதவீதம் பிஎஃப் போட்டால், நிறுவனத்தின் பங்கு 2,400, உங்கள் பங்கு 2,400, இரண்டும் அந்த 40,000-க்குள்ளேயே கழியும். கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையையும் சேர்த்துக் காட்டியிருந்தால் இன்னும் 962 போகும். கையில் வருவது சுமார் 34,000. ஆஃபர் லெட்டரில் இந்தப் பிரிப்பு இல்லையென்றால் சேரும் முன்பே கேட்டு வாங்குங்கள். கேட்பதால் வேலை போகாது.

நம் ஊர் முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சேரும் ஆசிரியரிடமும் செவிலியரிடமும் அசல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கம் நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் இன்னும் இருக்கிறது. இது சரியில்லை. ஆள் நிற்க வேண்டுமென்றால் சம்பளத்தையும் ஷிப்டையும் சரிசெய்யுங்கள். சரிபார்க்க அசலைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுங்கள், நகல் போதும். சேர்பவர்களும், கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் கொடுத்தது என்று கையெழுத்தும் சீலும் போட்ட ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு ஏஜென்ட் என்றால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும், நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய விவரம், அவர் கொடுத்த விசா நகல் எதையும் அழித்துவிடாமல் புகாரோடு சேர்த்துக் கொடுங்கள்.